கொடுக்காப்புளிப் பார்

பிப்ரவரி 2, திங்கள்

இந்த நோட்டில் இன்று முதல் எழுதுகிறேன். என் பெயர் தொம்மை. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. தினம் ஒரு வரியாவது எழுத வேண்டும் என்று எழுத்து வகுப்பு டீச்சர் சொன்னார். எனக்கு ஒரு வரி போதாது.

இன்று வாசித்தவை: பஸ்ஸின் நெற்றியில் 'வேம்பார்'. சோப்பு உறையில் 'வேப்பெண்ணெய் கலந்தது'. அந்தச் சோப்பைத்தான் கல்யாணமான நாளிலிருந்து தேய்க்கிறேன், அதில் வேப்பெண்ணெய் இருப்பது இன்றுதான் தெரிந்தது. சலூன் பக்கத்துச் சுவரில் 'இங்கே எச்சில் துப்பாதீர்'. எத்தனை வருஷமாக அந்த இடத்தில் துப்பியிருக்கிறேன்! சுவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

'ழ' எழுத இன்னும் சரியாக வரவில்லை. எழுதி முடித்தால் சுருண்ட இறால் மாதிரி இருக்கிறது. ஆனாலும் அழகு.

பிப்ரவரி 5, வியாழன்

என் வேலையைப் பற்றி எழுதுகிறேன். கடற்கரையில் மீன் இறங்கும் கொட்டகையில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறேன். காலையில் கதவைத் திறந்து கூட்டுவதும் நான்தான்.

ஒரு கம்பெனி எங்கள் ஊருக்குப் பேட்டரி படகு கொடுத்திருக்கிறது. டீசல் இல்லை, புகை இல்லை, தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இல்லை. சத்தமும் இல்லை. முன்பெல்லாம் வீட்டில் படுத்துக்கொண்டே யார் படகு கரைக்கு வருகிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்வேன். இப்போது கடலைப் பார்த்தால் ஒன்றும் இருக்காது, திரும்பிப் பார்ப்பதற்குள் படகு மணலில் நிற்கும்.

ஒவ்வொரு படகிலும் ஒரு கருவி, அதன் தலையில் சோலார் தகடு. வலை இறக்கிய இடத்தையும் தூக்கிய மீனின் எடையையும் அது கொட்டகைக்கு அனுப்பும். கொட்டகை மெஷின் லேபிளைத் துப்பும். எங்கோ ஒரு ஊரில் மீன் வாங்குகிறவர் அந்த லேபிளில் இருக்கும் புள்ளிக் கட்டத்துக்குப் போனைக் காட்டினால் எந்தப் படகு, யார் பிடித்தது, எங்கே பிடித்தது எல்லாம் தெரியும். பிடித்தவர் குரல்கூடக் கேட்கும்.

இதில் ஒரு சண்டை வந்தது. கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டைப் பார் என்போம். மீன் அங்கேதான் கூடும். தான் கண்டுபிடித்த பார் எங்கே இருக்கிறது என்று இங்கே எவனும் வெளியே சொல்ல மாட்டான். அண்ணன் தம்பிக்குச் சொல்ல மாட்டான். ஊர்க் கூட்டத்தில் என் மச்சினன் மிக்கேல் எழுந்து கம்பெனிக்காரரிடம் சொன்னான்: "எம் பொண்டாட்டி நகைய எங்க வச்சிருக்கான்னு கேளும், சொல்லுதேன். பார் எங்கன்னு மட்டும் கேக்காதயும்."

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். லேபிளில் பாருக்கு நாங்கள் வைத்த பெயர் மட்டும் வரும். இடம் மெஷினுக்குள் பூட்டிக் கிடக்கும். அந்தப் படகோட்டியின் பெருவிரலை வைத்தால்தான் பூட்டுத் திறக்கும்.

எழுதி எழுதிக் கை கடுக்கிறது. சந்தோஷமான கடுப்பு.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. மாதா கோயிலில் பூசை முடிந்ததும் கொட்டகைக்குப் போனேன். குப்பைக் கூடையில் கிடக்கும் பழைய லேபிள்களை எடுத்து வாசித்துப் பழகுவது என் வழக்கம்.

மெஷின் வாயில் ஒரு லேபிள் தொங்கிக்கொண்டிருந்தது. காகிதம் இன்னும் சூடாக இருந்தது.

எழுத்தெழுத்தாக வாசித்தேன்.

படகு: சிந்தாத்திரை.
பிடித்தவர்: கித்தேரியான்.
இடம்: கொடுக்காப்புளிப் பார்.
மீன்: –
எடை: 0.

திரும்பவும் வாசித்தேன். பிழை இல்லை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, சுழி, கொம்பு எல்லாம் தட்டாமல் வாசித்துவிட்டேன். டீச்சர் பார்த்திருந்தால் கை தட்டியிருப்பார்.

பிப்ரவரி 9, திங்கள்

நேற்று ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். கித்தேரியான் என் மகன். போன ஐப்பசி மழையில் சிந்தாத்திரையோடு தனியாகப் போனவன் இன்னும் கரைக்கு வரவில்லை. ஹெலிகாப்டர் வந்து தேடியது. ஊர்ப் படகெல்லாம் தேடியது. நானும் யாருக்கும் சொல்லாமல் எங்கள் பார் பக்கம் போய்ப் பார்த்தேன். தண்ணீர் கலங்கி மோர் மாதிரி கிடந்தது. திரும்பிவிட்டேன்.

கார்த்திகையில் எழுத்து வகுப்பில் சேர்ந்தேன். இந்த வயதில் எதற்கு என்று டீச்சர் கேட்டார். சும்மாதான் என்றேன்.

பாருக்கு அந்தப் பெயர் வந்த கதை: அதைக் கண்டுபிடித்த அன்று அவன் மடியில் கொடுக்காப்புளி வைத்துத் தின்றுகொண்டிருந்தான். துப்பிய கொட்டையைச் சுற்றி விளமீன் கும்பலாக மேலே வந்தது. அந்த இடம் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

லேபிளை மெஷின் பார்க்கும் சுகிர்தாவிடம் காட்டினேன். அவள் பக்கத்து டவுனிலிருந்து வருகிற பெண், கம்பெனி ஆள். வாசித்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயா, அந்தக் கருவி இத்தன நாளா தண்ணிக்குள்ள கெடந்திருக்கும். கயிறு அவுந்து மேல வந்திருக்கும். வெயில் பட்டா மறுபடி உயிர் வந்துரும்."

"வந்துரும்லா?" என்றேன்.

"கருவியச் சொன்னேன் ஐயா."

"நானும் அதத்தான் கேட்டேன்."

இடத்தைத் திறந்து பார்க்க முடியுமா என்று அவளே கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டாள். அவன் பெருவிரல் வேண்டுமாம்.

பிப்ரவரி 11, புதன்

இன்றும் வந்தது. எடை பூஜ்யம். பாவம், மீன் படவில்லை போலும்.

பிப்ரவரி 14, சனி

மீன் பட்டிருக்கிறது! 'மீன்: விளமீன். எடை: 6 கிலோ.'

சுகிர்தாவின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "தராசுக்குள்ள உப்புத் தண்ணி போயிருக்கும் ஐயா. அதுபாட்டுக்கு எதையாவது காட்டும்," என்றாள். பிறகு மெஷினைப் பார்த்துக்கொண்டே, "ஆனா மீன் பேரு எப்படி வரும்? அத ஆள்தான தொட்டுக் குடுக்கணும்," என்று முணுமுணுத்தாள்.

நான் அன்று முழுக்கப் பாடிக்கொண்டே பெட்டி ஒட்டினேன். ஒரு பெட்டிக்குத் தலைகீழாக ஒட்டிவிட்டேன்.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்தால், என் மருமகள் ஜெனோவா லேபிள்களைப் பாயில் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தாள். என் தலையணை உறையைத் துவைக்க எடுத்திருக்கிறாள்.

ஜெனோவா பத்தாவது படித்தவள். ஒரே பார்வையில் வாசித்துவிடுவாள். அது எனக்குக் கொஞ்சம் பொறாமை.

"எத்தன நாளா மாமா?"

"போன ஞாயித்துக்கிழமைக்கு முந்தின ஞாயிறுலேர்ந்து."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஒனக்கு நல்ல சேதியா சொல்லணும்னு இருந்தேன் தாயி. எட கூடட்டும்னு பாத்தேன்."

அவள் அழவில்லை. கோயில் சாமியார் இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டுப் போனதைச் சொன்னாள். நான் சரி என்று சொன்னால் வெறும் பெட்டியை வைத்து அடக்கப் பூசை செய்துவிடலாம் என்கிறார். நான்தான் சரி என்று சொல்லவில்லை.

"மாமா, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஈஸ்டருக்கு நான் என்ன சேல கட்டணும்? கறுப்பா, கலரா? கோயிலுக்குப் போனா பொம்பளைங்க எல்லாரும் மொதல்ல என் சேலயத்தான் பாக்குறாவ. எனக்கே தெரியல, நான் யாருன்னு."

"கலரு கட்டு," என்றேன். "ஆளு தொழில் பாத்துக்கிட்டு இருக்கான்ல."



பிப்ரவரி 20, வெள்ளி

மிக்கேல் வந்தான். ஜெனோவா சொல்லியிருப்பாள்.

"மச்சான், கொடுக்காப்புளிப் பார் எங்க இருக்கு?"

"அப்படி ஒரு பாரா? பேரே புளிக்கே."

"வெளையாடாதயும். கருவி அங்க கெடக்குன்னா படகும் அங்கதான் கெடக்கும். ஒரு குளியாளக் கூட்டிட்டுப் போயி முங்கிப் பாத்துருவோம். அந்தப் புள்ள பாவம்லா."

"எனக்கு மறந்துபோச்சு மாப்ள. வயசாச்சு."

"'ழ' னா எழுதுறதுக்கு மட்டும் வயசாகலயாக்கும்."

இரண்டு பேரும் சிரித்தோம். அவன் சிரிப்பு முதலில் நின்றது.

இன்று எடை: 9 கிலோ.

பிப்ரவரி 24, செவ்வாய்

இன்று சுகிர்தா லேபிளுக்குப் போனைக் காட்டினாள். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே காட்டினாள். என் மகன் குரல் வந்தது.

"வணக்கம். நான் கித்தேரியான். சிந்தாத்திரை படகு. இந்த மீன நான்தான் புடிச்சேன்."

போன வருஷம் எல்லாப் படகோட்டிகளையும் பேசச் சொல்லிப் பதிவு செய்தது அது. எல்லா லேபிளுக்கும் அதே குரல்தான் என்று சுகிர்தா சொன்னாள்.

எனக்குக் கொஞ்சம் கரகரப்பாகக் கேட்டது. ஈரக் காற்றில் நிற்கிறான், சளி பிடித்திருக்கும். பேசி முடித்தபின் மூக்கை உறிஞ்சியதும் கேட்டது. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

"அப்படி எதுவும் இல்லையே ஐயா," என்றாள் சுகிர்தா. இன்னொரு தடவை போடச் சொன்னேன். போனைப் பைக்குள் வைத்துவிட்டு வெளியே போய் வெயிலில் நின்றுகொண்டாள்.

பிப்ரவரி 27, வெள்ளி

ஜெனோவா இப்போது காலையில் என்னோடு கொட்டகைக்கு வருகிறாள். லேபிளை இரண்டு பேரும் சேர்ந்து எடுக்கிறோம். அவள் வாசிப்பதற்கு முன் நான் வாசித்துவிட வேண்டும் என்று எங்களுக்குள் போட்டி. அவள் விட்டுக்கொடுக்கிறாள் என்று தெரியும். இருந்தாலும் ஜெயித்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

உலையில் அவள் ஒரு ஆள் அரிசி கூடப் போடுகிறாள்.

மார்ச் 1, ஞாயிறு

ஜெனோவா பூசைக்கு வரவில்லை. மீன் குழம்பு வைத்திருந்தாள். விளமீன் குழம்பு. ஞாயிற்றுக்கிழமை விளமீன் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். "வாசல்ல இருந்துச்சு," என்றாள். யாராவது பக்கத்து வீட்டுக்காரர் வைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

நன்றாக இருந்தது. இரண்டாவது தடவை சோறு வாங்கிக்கொண்டேன். அவள் சாப்பிடவில்லை. அவன் வந்ததும் சாப்பிடுகிறேன் என்றாள்.

மார்ச் 3, செவ்வாய்

இதை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. எழுத்து எல்லாம் கோணுகிறது.

விடிந்து சூரியன் நன்றாக மேலே வந்த பிறகு கொட்டகைக்குக் கிளம்பினோம். பாதி வழியில் ஜெனோவா நின்றாள். கடலைப் பார்த்தாள். கடலில் ஒன்றும் இல்லை. எண்ணெய் தேய்த்த தட்டு மாதிரி இருந்தது.

"அவிய வந்துட்டாவ மாமா," என்றாள். சாதாரணமாகச் சொன்னாள், பால்காரர் வந்துவிட்டார் என்பது மாதிரி.

பிறகு தண்ணீருக்குள் நடந்தாள். முழங்கால், இடுப்பு, மார்பு. படகிலிருந்து எறியும் கயிற்றை வாங்க நீட்டுவது மாதிரி ஒரு கையை நீட்டியிருந்தாள். நான் கத்தினேன். அவள் திரும்பி, "சத்தம் போடாதீங்க, சத்தமில்லாத படகுல்லா, நம்ம சத்தம்தான் பெருசாக் கேக்கும்," என்று சிரித்தாள். அலை அவள் வாயைத் தொட்டது.

நான் விழுந்தடித்துப் போய்த் தலைமுடியைப் பிடித்துத்தான் இழுத்தேன். மிக்கேல் வீட்டுப் பெண்கள் ஓடிவந்து கரையேற்றினார்கள். மணலில் கிடந்தபோதும் அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. உள்ளங்கையில் சிவப்பாக ஒரு கோடு இருந்தது, கயிறு உரசியது மாதிரி. நான் இழுத்தபோது ஏதாவது பட்டிருக்கும்.

அவளுக்குக் கலர்ச் சேலை கட்டச் சொன்னவன் நான்.

மார்ச் 4, புதன்

மிக்கேல் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். கோயில் கோபுரச் சிலுவையை உப்பு ஆலைப் புகைக்கூண்டுக்கு நேராக வைத்துக்கொண்டு கிழக்கே ஓட வேண்டும். தீவுப் பனைகள் இரண்டும் ஒன்றாகத் தெரிகிற இடத்தில் நங்கூரம் போட வேண்டும்.

அவன் எல்லாம் கேட்டுக்கொண்டான். பிறகு, "அவ்வளவு கிட்டத்துலயா மச்சான்?" என்று மட்டும் கேட்டான்.

மார்ச் 6, வெள்ளி

போனோம். மிக்கேல், நான், சங்கு குளிக்கிற ராயப்பு. ஜெனோவாவும் வருவேன் என்றாள், படகில் என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். காற்றில்லை. பேட்டரி படகு போவதே தெரியவில்லை, கரைதான் எங்களை விட்டுத் தள்ளிப்போனது.

கருவி அங்கே மிதந்துகொண்டிருந்தது. அதன் கயிறு நேராகக் கீழே இறங்கியது.

ராயப்பு முங்கினான். மேலே வந்ததும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"படகு இருக்கால?" என்று மிக்கேல் கேட்டான்.

"இருக்கு. நேரா நிக்கி, கரையில நிப்பாட்டுன மாதிரி."

"ஆளு?"

"இல்ல."

"எதாவது இருந்தா மறைக்காதல. வீட்டாளுங்க முன்னாடியே சொல்லு."

ராயப்பு ஜெனோவாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஐப்பசியில முங்குன படகுல்லா? இந்நேரம் பாசி அடஞ்சு, சிப்பி ஒட்டி, உருவமே தெரியக் கூடாதுய்யா. ஒண்ணும் இல்ல. கழுவி வச்ச மாதிரி இருக்கு. வல மடிச்சு வச்சிருக்கு. ஒரு சட்ட காயப்போட்ட மாதிரி கம்புல கெடக்கு."

"அத எடுத்துட்டு வா."

"நான் இன்னொரு தரம் எறங்க மாட்டேன்," என்றான்.

மிக்கேல் கெஞ்சினான், திட்டினான். கடைசியில் ஜெனோவாதான் சொன்னாள்: "அண்ணே, எனக்கு ஒரு சட்ட வேணும். வேற ஒண்ணும் வேண்டாம்." அவன் சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினான். எடுத்து வந்து அவள் மடியில் போட்டான். நீலச் சட்டை. அவள் முகத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகுதான், இத்தனை மாதத்தில் முதல் தடவையாக, சத்தம் போட்டு அழுதாள்.

கருவியை அறுத்து எடுத்துக்கொண்டோம்.

மார்ச் 9, திங்கள்

அடக்கம் நடந்தது. பெட்டிக்குள் சட்டை. ஜெனோவா கறுப்புச் சேலை கட்டியிருந்தாள். சிலுவையில் எழுதியிருந்ததை நான் சத்தமாக வாசித்தேன். சாமியார் தடுக்கவில்லை. 'கித்தேரியான்' என்ற பெயரில் 'ரி' யின் சுழியை ஆசாரி சின்னதாகப் போட்டுவிட்டார். பரவாயில்லை, வாசிக்க முடிகிறது.

கருவியை சுகிர்தாவிடம் கொடுத்தேன். பேட்டரியைப் பிடுங்கி, தகட்டைக் கழற்றி, இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். சிந்தாத்திரையின் பெயரை மெஷினிலிருந்தும் நீக்கிவிட்டதாகச் சொன்னாள்.

மார்ச் 16, திங்கள்

லேபிள் வரவில்லை. ஒரு வாரமாக வரவில்லை.

மார்ச் 23, திங்கள்

இப்போது ஊரே அங்கேதான் போகிறது. இன்று ஒட்டிய பெட்டிகளில் பாதிக்கு மேல் 'கொடுக்காப்புளிப் பார்' தான். தூரத்து ஊர்களில் யார் யாரோ இந்தப் பெயரை வாசிப்பார்கள். மிக்கேல் என் முகத்தைப் பார்க்கக் கூசுகிறான். "மீனு நம்ம வீட்டு மாடா மாப்ள, கட்டிப்போட?" என்றேன். நிம்மதியாகப் போனான்.

ஜெனோவா நன்றாகத் தூங்குகிறாள். அரிசி எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் போடுகிறாள். ஈஸ்டர் முடிந்ததும் மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலைக்குச் சேர்கிறாள். நேற்று டீக்கடை ரேடியோ கேட்டு ஏதோ ஒரு நகைச்சுவைக்குச் சிரித்தாள். நான் கவனிக்காத மாதிரி இருந்தேன்.

ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு

விடிகாலைப் பூசைக்கு ஜெனோவா கறுப்புச் சேலையில் வந்தாள். பெண்கள் அவளுக்குத் தங்கள் பக்கத்தில் இடம் விட்டார்கள். யாரும் சேலையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். அவள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது, இப்போது அவளுக்கு ஒரு இடம் இருக்கிறது.

வெயில் ஏறியபின் கொட்டகைக்குப் போனேன். எந்தப் படகும் போகவில்லை. எல்லாம் மணலில் வரிசையாக நின்றன. அலமாரி பூட்டியபடி இருந்தது. பூட்டை இழுத்துப் பார்த்தேன்.

மெஷின் வாயில் லேபிள் தொங்கியது. காகிதம் சூடாக இல்லை. நனைந்திருந்தது.

படகு: சிந்தாத்திரை. பிடித்தவர்: கித்தேரியான். எடை இதுவரை வந்ததிலெல்லாம் அதிகம், இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய எடை.

இடம் என்று இருந்ததற்குப் பக்கத்தில் வேறு ஒரு பெயர். நான் கேட்டே இராத பெயர். எழுத்தெழுத்தாக வாசித்தேன். நின்று, சேர்த்து, இன்னொரு தடவை வாசித்தேன். என்னை அறியாமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பழைய பாரை ஊருக்கே காட்டிக்கொடுத்துவிட்டேன் அல்லவா, அவன் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டான்.

வாசலில் ஜெனோவா நின்றாள், என்னைச் சாப்பிடக் கூப்பிட வந்திருக்கிறாள். "என்ன மாமா, தனியா சிரிக்கிறீங்க? எதாவது வந்துருக்கா?"

"ஒண்ணுமில்ல தாயி. வெறுங்காயிதம்."

காகிதத்தை உள்ளங்கையில் வைத்துப் பிசைந்தேன். ஈரம் என்பதால் உடனே கூழாகிவிட்டது. வீட்டுக்குப் போகிற வழியில் அவள் பார்க்காதபோது கடலில் விட்டேன்.

நல்ல பெயர். கடினமான எழுத்து எல்லாம் அதில் இருக்கிறது, ஒன்றையும் தவறாமல் வாசித்தேன். அதை இங்கே எழுத மாட்டேன். அது அவன் பார்.